கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுப் பழைய சேவலுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நான்தான். எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஒரு சத்தம் போட்டுவிட்டு, அதன் பிறகு பொழுது சாயும்வரை ஒரு வேலையும் செய்யாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொல்லையைச் சுற்றி வருகிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. அதில் கேலி இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. குஞ்சாக இருந்தபோது அவர் உள்ளங்கையில் தீவனம் கொத்தி வளர்ந்த சேவல் அது. மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் நேராகப் போய் அதைத் தடவிக் கொடுப்பார். என் பக்கம் திரும்பி 'சாப்பிட்டியா' என்று கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

கோழி வளர்ப்பது என் மாமியாரின் தொழில். கொல்லையில் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை, அதற்கு நடுவில் கம்பிவலைத் தடுப்பு, மூலையில் அடைக்கோழிகளுக்கு வைக்கோல் போட்ட மரப்பெட்டிகள். அடை வைக்க முட்டையும் வளர்க்கக் குஞ்சும் வாங்க நாலு தெரு தாண்டி ஆள் வரும். கோழியம்மா என்று கேட்டால்தான் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். கோழி விஷயத்தில் அவர் வாயில் ஒரு பொய் வந்து நான் பார்த்ததில்லை. சீக்குக் கோழியை நல்ல கோழி என்று சொல்லி விற்கத் தெரியாது அவருக்கு. மற்ற விஷயங்களில் எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த வருடம் அடை வைத்த முட்டைகள் பொரிக்கவில்லை. ஒரு ஈடு போனது, அடுத்த ஈடும் போனது. மாமியார் நடையின் கதவைச் சாத்தி வெளிச்சத்தை மறைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையாக டார்ச் விளக்கின் வாயில் வைத்துப் பார்த்தார். உயிர் பிடித்த முட்டை என்றால் உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரியும். ஒன்றிலும் தெரியவில்லை. வெறும் மஞ்சள் வெளிச்சம்தான்.

"எல்லாம் கூமுட்டை" என்றார்.

"கோழிங்களுக்கு ஏதாச்சும் மருந்து குடுத்துப் பாக்கலாமா அத்தை?" என்றேன் நான்.

"கோழிக்கு என்னடி கேடு? வேளாவேளைக்குத் தின்னுது, தவறாம முட்டை போடுது, கொண்டை செவப்பா இருக்கு. முட்டை பொரிக்கலைன்னா மொதல்ல சேவலைத்தான் பாக்கணும். இதுகூடத் தெரியாதவ கோழி வளக்கவே கூடாது."

என் முகத்தைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். ஒரு துளி உறுத்தல் இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் இந்த அறிவு ஒருநாள்கூடக் கொல்லைக் கதவைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடமே நான் டாக்டரிடம் போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, "உனக்கு ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார் அந்த அம்மா. அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. "எனக்கென்னடி? மூணு பேர் தூக்குற மோட்டாரை ஒத்தை ஆளா தூக்குறேன்" என்றார் அவர். மோட்டார் தூக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடம் கிடையாது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் நல்லவன்தான், ஆனால் அண்ணி கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். போன தடவை நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "எப்போ கெளம்புறீங்க, எந்த பஸ்ஸு?" என்று கேட்டவள் அவள்.

மாமியார் புதுச் சேவலை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். செம்பழுப்பு உடம்பு, கருத்த வால், இன்னும் முள் முற்றாத கால். இளசு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. எடுத்த எடுப்பிலேயே எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

"எடுத்ததும் உள்ள விட்டுடாத, கொன்னு போட்டுடுங்க" என்றார் மாமியார். "வலைக்கு அந்தப் பக்கம் விடு. அதே தீவனம், அதே தண்ணி. ஒண்ணு மொகம் ஒண்ணுக்குப் பழகணும். நல்லாப் பழகினதும் ஒரு நாள் இருட்டுற நேரத்துல தூக்கிட்டுப் போய் கோழிங்க நடுவுல கட்டையில ஒக்கார வச்சுட்டா முடிஞ்சுது. விடிஞ்சு பாத்து, இது எப்பவும் இங்கதான் இருந்துச்சுன்னு எல்லாம் நெனைச்சுக்கும். கோழிக்கு ஞாபகம் அவ்வளவுதான்."

மேனேஜரை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே சட்டிக்குப் போயிருக்கும். என் வீட்டுக்காரர் கொடுக்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். "வயசானா கொன்னுடுவீங்களா? அப்ப உங்களையும்தான்" என்று பெற்ற அம்மாவிடமே கேட்டவர்.

அதே வாரம்தான் அந்தப் பெண்ணும் வந்தாள். மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி மகள். அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. சித்தப்பா வீட்டில் பாத்திரம் தேய்த்து வளர்ந்தவள். கையில் ஒரு பை. விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெடித்திருந்தது. பக்கத்துத் தெருவில் தையல் கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள், நாலு மாதத்தில் போய்விடுவாள் என்றார் மாமியார். முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தது நான். விரலுக்குத் தடவ எண்ணெய் கொடுத்ததும் நான். அவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன்.

புதுச் சேவல் வந்தது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. தன் மேனேஜருக்கு வயதாகிவிட்டது என்று தாயே சொன்னது அவருக்கு எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். கடை இல்லாத ஒரு நாள், மாமியார் சந்தைக்குப் போயிருந்த நேரம், கொல்லையில் அவர் குரல் கேட்டது. "ஆம்பளைன்னா வலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என்னடா பண்ற? வாடா வெளிய." கொக்கி விழும் சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் மேனேஜர் பாய்ந்துவிட்டது.

அந்த இளசுக்குச் சண்டையும் தெரியவில்லை, ஓடவும் தெரியவில்லை. சுவர் மூலையில் போய் மாட்டிக்கொண்டது. மேனேஜர் எகிறி எகிறி இரண்டு காலாலும் அடித்தது. அதன் முள் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். கொண்டை கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அதன் பிறகுதான் கொடுமை. சிவப்பைக் கண்டால் கோழிகளுக்குப் பொறுக்காது. அதுவரை ஒதுங்கி நின்ற பெட்டைகள் ஒவ்வொன்றாக வந்து அதே காயத்தில் கொத்த ஆரம்பித்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார். நான் சாக்கை எடுத்து மேனேஜர் தலைமேல் போட்டு அமுக்கினேன். சண்டைச் சேவலுக்கு நடுவில் கையை விடக்கூடாது. கண்ணை மறைத்தால்தான் அடங்கும். அடுத்த கையில் இளசைத் தூக்கிக்கொண்டேன். அதன் நெஞ்சு என் கைக்குள் தடதடவென்று அடித்தது.

சந்தையிலிருந்து வந்த மாமியார் மகனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையை வைத்துவிட்டு உப்புப் போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னார். துண்டால் இறக்கைகளைச் சேர்த்துச் சுற்றி அதை என் மடியில் வைத்துக்கொண்டேன். பஞ்சை நனைத்து, கண்ணில் உறைந்திருந்த இரத்தத்தை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். கண் தப்பியிருந்தது. கொண்டையில் மஞ்சள்தூளை வைத்து அழுத்திக்கொண்டே இருந்ததும் இரத்தம் நின்றது. நெஞ்சுக்குக் கீழே தோல் வாயைப் பிளந்திருந்தது. சுற்றியிருந்த இறகைக் கத்தரித்துவிட்டு, கொதிக்கவைத்த ஊசியாலும் நூலாலும் தைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் அது என் மடியில் ஒரு உதறல் உதறும். கத்தவில்லை. கடைசியாகக் காயத்தின்மேல் ஊதா மருந்தை நிறையப் பூசினார்.

"செவப்பு வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா விடமாட்டாளுங்க."

"ஆறுற வரைக்கும் சமையல்கட்டு மூலையில வச்சுக்கிறேன் அத்தை" என்றேன்.

"வைக்காத. உள்ள கொண்டு போய் வச்சா காயம் ஆறும், ஆனா எடம் போயிடும். ஆறி வெளிய வரும்போது மறுபடியும் புதுசு, மறுபடியும் அடி. வலைக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும், எல்லாம் பாக்குற மாதிரி." பிறகு மேனேஜரைப் பார்த்தார். "வெளிய எடுக்க வேண்டியது இவனைத்தான். தனிக் கூண்டுல போட்டுக் கோழிங்க கண்ணுலயே காட்டாம வைக்கணும். கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பி வந்தா, இவன்தான் வேத்தாள்."

மேனேஜரைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கூண்டில் போட்டோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடாமல் எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் தினமும் இளசுக்குக் காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். முதலில் பிடிக்கப் போனால் பதறும். பிறகு நான் குந்தி உட்கார்ந்தால் தானே வந்து மடிக்குப் பக்கத்தில் நிற்கும். தலையைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். யார் கையை நீட்டினாலும் தின்னத்தான் ஏதோ தருகிறார்கள் என்று அது நம்ப ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் வலைக்கு இரண்டு பக்கமும் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து மாமியார் குரல் கேட்டது. "அந்த டிபன் கேரியரை நீயே கொண்டு போய்க் கடையில குடுத்துட்டு வாம்மா." அந்தப் பெண் கிளம்பினாள். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அதைப் பற்றி நான் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன். வந்த புதிதில் அவளுக்குத் தனித் தட்டு, முன்னறையில். அடுத்து எங்களோடு சேர்ந்து சமையல்கட்டில். தையல் வகுப்புக்குப் போவது வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்திருந்தது. வந்தபோது அவரை வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிட்டாள். இப்போது அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை. "சாப்பாடு ரெடி" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். என் வீட்டுக்காரரை நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அதே தீவனம், அதே தண்ணி. ஒண்ணு மொகம் ஒண்ணுக்குப் பழகணும். தீவனக் கிண்ணத்தோடு என் கை அப்படியே நின்றுவிட்டது.

மாமியாரிடம் நேராகவே கேட்டேன். "அந்தப் பொண்ணு எப்போ ஊருக்குப் போறா அத்தை?"

"எதுக்குப் போகணும்?" கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார், தலை நிமிரவில்லை. "அவளுக்கு இந்த வீடு பழகிடுச்சு. உனக்குத்தான் ஏழு வருஷமாகியும் பழகலை. எனக்குப் பேரன் வேணும்டி. நேரம் வரும்போது உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"உங்க மகன் ஒரு தடவை டாக்டர்கிட்ட வந்திருந்தா..."

"வாயை மூடு."

அன்றிலிருந்து நான் அந்தப் பெண்ணைக் கொத்த ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, பெட்டைக் கோழி கொத்துவது போலத்தான். அடிப்பிடித்த சட்டியெல்லாம் அவளுக்கு. அவள் தையல் கத்தரிக்கோலைத் தீவன மூட்டைக்குள் போட்டேன். அவள் தலையில் பேன் என்று என் வீட்டுக்காரர் காதில் விழும்படி சொன்னேன். அவள் தைத்த முதல் சட்டையைப் பார்த்து, "இது யாருக்கு, கூனனுக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாவம் என்று அப்போது தோன்றவில்லை. எனக்குப் பாவம் பார்த்தது யார்?

மேனேஜர் கூண்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறவர்கள் காலுக்கு முன்னால் பழைய தகர மூடியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தனியாகக் கிடந்து கிடந்து அதற்கு வெறி ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அவளுக்குத் தெரியாது. "மேனேஜருக்குத் தண்ணி வச்சுட்டு வா" என்றேன். மூடியை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அவள் குனிந்து கதவைத் திறந்ததும் அது பாய்ந்தது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை முள் கோடு இழுத்துவிட்டது. பலமாகக் கத்தக்கூட இல்லை, சித்தப்பா வீட்டில் அடி வாங்கிப் பழகியவள். அவ்வளவு இரத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளை அழுத்தி, துணியைச் சுற்றிக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கை ரொம்ப மெதுவா இருக்குக்கா. எனக்கு யாரும் இப்படிக் கட்டுப் போட்டதில்ல."

முடிச்சை அவிழ்த்து இன்னும் தளர்வாகக் கட்டினேன். ஆனாலும் நான் என் காரியத்தைப் பார்த்தேன். "இந்தக் கையோட எப்படித் தைப்ப? சித்தப்பா வீட்டுக்குப் போ. நல்லா ஆறினதும் வரலாம்" என்றேன். அவள் ஒரு மாதம் இந்த வீட்டை விட்டு வெளியே இருந்தால் போதும், திரும்பி வரும்போது மறுபடியும் புதுசு. கோழியம்மாவின் பாடம்தானே.

கோழியம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த தகர மூடியையும் பார்த்தார்.

"எங்கயும் போக வேணாம். இங்கயே இருந்து ஆறட்டும்" என்றார். "உன் கட்டில்ல படுக்க வை. அங்கதான் காத்து வரும்."

அன்றைக்கு நான் நடையில் பாய் போட்டுப் படுத்தேன். அடுத்த நாளும் அங்கேதான்.

கொல்லையில் இளசு கோழிகளோடு சேர்ந்துவிட்டது. நெஞ்சுக் காயம் மூடி, கிழிந்த கொண்டை கருத்துச் சுருங்கி, ஒரு பக்கம் சாய்ந்த தொப்பி போட்டவன் மாதிரி கம்பீரமாக நடந்தது. பெட்டைகள் அதன் பின்னாலேயே திரிந்தன. மாமியார் அவசரப்படவில்லை. "பழையவனோட வெதை கோழிங்க வயித்துல கொஞ்ச நாள் நிக்கும்" என்று இரண்டு வாரம் பொறுத்து, அதன் பிறகு விழுந்த முட்டைகளைத்தான் அடைக்கு வைத்தார். ஒரு வாரம் கழித்து நடைக் கதவைச் சாத்தி டார்ச் பிடித்தார். முட்டைக்கு முட்டை சிவப்பு நரம்பு. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

கோழி விஷயத்தில் அவர் பொய் சொல்லமாட்டார். அந்த உண்மையை நாலு பேர் முன்னால், மகன் காதில் விழ, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

குஞ்சுகள் பொரித்த காலையில் பால்காரம்மா கொல்லை வாசலில் நின்றாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் தெருவில் அந்த வாய் முழுவதும் அவளுடையது. என் வீட்டுக்காரர் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், சீழ் வைத்து இன்னும் ஆறாமல் கட்டுப் போட்ட கையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் கூடையைத் திறந்து காட்டினார். கூடை நிறைய மஞ்சளும் பழுப்புமாகக் கீச்சு கீச்சென்று உயிர். ஒரு முட்டைகூட வீண் போகவில்லை.

நான் சத்தமாகக் கேட்டேன். "அப்ப இத்தனை நாளா கோழிங்க மேல தப்பே இல்லையா அத்தை?"

"கோழி என்ன தப்பு பண்ணுச்சு?" தொழில் பெருமையில் மாமியாருக்குச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது. "அதே கோழிங்க, அதே தீவனம். சேவலுக்குத்தான் சத்தில்ல. வெறும் பய, நெஞ்சை நிமித்திட்டு நடந்தா ஆச்சா? நெலம் நல்ல நெலம்தான், வெதைதான் சொத்தை."

பால்காரம்மா என்னைப் பார்த்தாள், குழாயடியைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படிச் சொல்லுங்க கோழியம்மா. இதைத் தெரியாம ஊர்ல எத்தனை பொண்ணுங்க தலையில பழி விழுது" என்றாள்.

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. ஏழு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். துண்டால் நிதானமாக முகத்தைத் துடைத்தார். கொட்டகைக்குள் போய்க் குனிந்து வெறும் கையை நீட்டினார். வேறு சேவலாக இருந்தால் சந்தேகப்பட்டிருக்கும். இளசு சந்தேகப்படவில்லை. மற்ற கோழிகள் விலகி ஓட, அது மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் கைக்கு வந்தது. நான் பழக்கிய பழக்கம். கழுத்தைப் பிடித்து ஒரே திருகு. இறக்கை இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே என் காலடியில் கொண்டுவந்து போட்டார்.

"மத்தியானத்துக்கு இதைச் சமைச்சு வை."

பால்காரம்மா பால் ஊற்றாமலே போய்விட்டாள்.

சமைத்தேன். வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கும்போது நெஞ்சுக்குக் கீழே தையல் போட்ட தழும்பு விரலில் தட்டியது. அழுதேன். அழுதுகொண்டே வெட்டினேன். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தப் பெண்ணும் இடது கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து சாப்பிட்டாள். மாமியார் மட்டும் வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை ஏழு வருடமாகப் பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? இனிமேல் என்னை அனுப்பமாட்டார் என்று நினைத்தேன். கடவுள் இருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் கறிக்கடைக்காரர் தன் கூடைகளோடு வந்தார். மாமியார் கொட்டகைக் கதவை அகலமாகத் திறந்து வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோப்பா. ஒண்ணுகூட வேணாம்."

கறிக்கடைக்காரர் ஒரு கோழியைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். "நல்லா முட்டை போடுற கோழிங்கம்மா இதெல்லாம். எதுக்குக் குடுக்குறீங்க?"

"இதுங்க சரியில்ல. எல்லாம் மலடு."

அவர் மூலையில் கீச்சிட்டுக்கொண்டிருந்த கூடையைக் காட்டினார். "அப்ப இந்தக் குஞ்சுங்க?"

"அது வெளியில வாங்கி வச்ச முட்டை" என்றார் கோழியம்மா.

கோழி விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கூண்டிலிருந்த மேனேஜரை அவர் மகன் தூக்கிக்கொண்டுவந்து காலிக் கொட்டகைக்குள் விட்டார். அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"கொட்டகையைக் கழுவி விடணும். எல்லாம் புதுசா வாங்கி விடலாம்" என்றார் மாமியார். பிறகு என்னிடம், கோழிகளைப் பற்றிப் பேசிய அதே குரலில், "உங்க அண்ணனுக்குப் போன் போடு. இந்த வாரமே வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சண்டைக்கு இழுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். யாரிடம் இழுப்பது? தெரியாதவர்களிடம் சொல்லிப் புரியவைக்கலாம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நானும் அந்தப் பெண்ணும் கோழிகளின் காலைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கையால் பிடிக்க, நான் கயிறு சுற்றினேன். கறிக்கடைக்காரர் கூடைகளை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போன நேரம் பார்த்து அவளிடம் சொன்னேன்.

"நேத்து நடந்ததைப் பாத்த இல்ல? உனக்கும் பொறக்காது. எத்தனை வருஷம் ஆனாலும் பொறக்காது. அப்புறம் உன்னையும் மலடின்னு சொல்லி அனுப்புவாங்க. இன்னொருத்தி வருவா."

"தெரியும்க்கா" என்றாள்.

"தெரிஞ்சும் ஏண்டி இங்க இருக்க? ஓடிடு."

அவள் அடுத்த கோழியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து என் பக்கம் நீட்டினாள்.

"அனுப்ப எப்படியும் மூணு நாலு வருஷம் ஆகும்ல? அதுவரைக்கும் சோறு போடுவாங்கல்லக்கா."

நான் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.